பெண்கள் பக்கத்துக் குழாய்

எங்கேயாவது மைக்கு கீச்சென்று கத்தினால் போதும், என் கை தானாக முந்தானையைத் தேடும். கல்யாண வீடோ கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் சரி. மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள், நான் முகத்தை மூடுவேன். "என்னத்தே, காது வலிக்குதா?" என்று மருமகள் கேட்பாள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வெட்கம்! இத்தனை வயசுக்கு மேலும் அந்தச் சத்தம் கேட்டால் நான் பதினெட்டு வயசுப் பிள்ளையாகி, திருச்சுழிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கோயிலுக்குள், ஊரே பார்க்க நின்றுகொண்டிருப்பேன். சனியன், விடமாட்டேன் என்கிறது.

எங்கள் ஆட்கள் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் சொல்வோம். ஓடு போட்ட சின்னக் கோயில். என் அப்பா அதற்கு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவதும், வேதபுத்தகத்தில் பாடம் வாசிப்பதும், காய்ச்சலில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. அவருக்கு மேலே ஐயர். ஐயர் என்றால் குருவானவர். டவுனில் இருப்பார், சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருத்தர்தான், பண்டிகை என்றால் வண்டி கட்டிக்கொண்டு வருவார். யுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் ரேஷன் கார்டு முடியவில்லை. அந்தக் காலம்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். டவுனில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. யாரைப் போடுவது என்பது ஐயர் கையில். "அறுப்புப் பண்டிகைக்கு வாரேன்ல, பிள்ளை பாடட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் காணிக்கை வைக்கிற பண்டிகை அது. வேலை கிடைத்தால் டவுனுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். ரெட்டியபட்டியில் அத்தை மகன் காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்காது, அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மைக்செட் ஆசை வந்தது. பக்கத்து ஊர்த் திருவிழாவில் வைத்துவிட்டார்களாம், நாம் மட்டும் என்ன குறைச்சல் என்று அருப்புக்கோட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. லாரி பேட்டரி ஒன்று, பின்பக்கம் திறந்தால் சின்னச் சின்ன விளக்குப் போலச் சிவப்பாக எரிகிற வால்வுகள் வைத்த பெட்டி ஒன்று, பாட்டுத் தட்டுப் போடுகிற மிசின் ஒன்று, ஆள் உயரக் கம்பியில் மாட்டிய மைக்கு, சத்தம் வருவதற்கு ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த இரண்டு குழாய். கூடவே மைக்செட்காரர். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தறிக்குழியில் கால் நீட்டி உட்காரப் பிடிக்காமல் மதுரைக்குப் போய் ரேடியோ கடையில் தொழில் பழகியவராம். எங்களிடம் தமிழில் மரியாதையாகப் பேசுவார், பெட்டியைக் கன்னடத்தில் திட்டுவார்.

ஒரு குழாயை வெளியே வேப்ப மரத்தில் கட்டினார்கள், ஊரைப் பார்த்து. அது பெருமைக்கு. இன்னொன்றைக் கோயிலுக்குள்ளே, பெண்கள் பக்கத்துச் சுவரில் உயரக் கட்டினார்கள். அது நியாயத்துக்கு. கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் இந்தப் பக்கம்தானே? பிள்ளைகள் போடுகிற கூச்சலில் ஒரு பிரசங்கமும் காதில் விழவில்லை என்று பெண்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி, இந்த ஒரு நாளாவது கேட்கட்டும் என்று பெரியவர்களே இரக்கப்பட்டுச் செய்தது. செய்தவரையில் நல்ல காரியந்தான்.

இப்போது கோயிலுக்குள் யார் எங்கே என்று சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வலது கைப்பக்கம் ஆண்கள் பாய், இடது கைப்பக்கம் பெண்கள் பாய். நடுவே ஒரு ஆள் போகிற நடை. பாடம் வாசிக்கிற மேசை ஆண்கள் பக்கத்தில். ஆண்கள் பாயைப் பெண் மிதிக்கக் கூடாது, பெண்கள் பாயை ஆண் மிதிக்கக் கூடாது. பெருக்கும்போதுகூட அப்படித்தான். வலது பக்கத்தை ஒரு ஆண்பிள்ளைதான் பெருக்குவார், நடையில் தும்பைப் பூ விழுந்து கிடந்தால்கூட யார் எடுப்பது என்று யோசிப்பார்கள். எழுதி வைத்த சட்டமா என்றால் இல்லை. எழுதாத சட்டத்துக்குத்தானே எங்கள் பக்கம் ஜனங்கள் பயப்படுவார்கள்.

பண்டிகை அன்று காலையில் மைக்செட் பெரியவர்களை மயக்கிவிட்டது. மேசைக்கு முன்னால் மைக்கை வைத்து ஒவ்வொருத்தராக வந்து "அலோ, அலோ" என்று சொல்லிப் பார்த்தார்கள். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று வெளியே எட்டிப் பார்த்தார்கள். தட்டுப் போட்டால் பாட்டு ஜம்மென்று வந்தது. அப்பா பாடம் வாசித்தார், ஐயர் பிரசங்கம் பண்ணினார், எல்லாம் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு குழாயையே அண்ணாந்து பார்த்தன.

அடுத்து என் பாட்டு. நான் ஆண்கள் பக்கம் போய் நிற்க முடியாது. அதனால் மைக்கு என்னிடம் வர வேண்டும். மைக்செட்காரர் கம்பியோடு அதைத் தூக்கிக்கொண்டு நடையில் வந்து நின்றார். எங்கள் பாயோரத்துத் தூணுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று ஒரு எட்டு எடுத்து வைத்ததுதான் தாமதம், முன்னால் இருந்த பெரியவர் கைக்கம்பை ஓங்கி, "தம்பீ! அங்கிட்டு எங்க போற?" என்று ஒரு அதட்டு. பாவம், சூடு பட்டமாதிரி காலைப் பின்னால் எடுத்தார். கம்பியை அங்கிருந்தே நீட்டினார். என் அம்மா எழுந்து போய், பிரசவ வீட்டில் பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி வந்து, எது நல்ல இடம் என்று பார்த்து, சுவரோரமாக வைத்தாள். குழாய்க்கு நேர் கீழே! அவளுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நடையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் மைக்கு முன்னால் போய் நின்றேன். ஐயர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்தேன்.

கத்தியது பாருங்கள் ஒரு கத்து! ஓட்டில் இருந்த புறா எல்லாம் பறந்தன. கைப்பிள்ளைகள் அத்தனையும் வீரிட்டன. ஒரு கிழவி "ஆண்டவரே!" என்று சுவரில் சாய்ந்தாள். நான் பின்வாங்கினேன், அது நின்றது. திரும்ப முன்னால் போனேன், திரும்பக் கத்தியது. மைக்செட்காரர் ஓடிப்போய்ப் பெட்டியில் திருகைக் குறைத்தார். கத்தல் நின்றது, என் குரலும் நின்றது. கூட்டினார், மறுபடியும் ஊளை. நடையில் வந்து நின்று, "மைக்கக் கையால பொத்திப் பிடிங்க" என்றார். பொத்தினேன். அதுவரை கத்தியது ஒன்றுமில்லை என்கிற மாதிரி கத்தியது. காதுக்குள் ஊசி இறங்கியது.

ஆண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் வாய்விட்டே எல்லோரும் சிரித்தார்கள். "உபதேசியார் மகளுக்குச் சன்னக் குரலு, மிசினு தாங்கல" என்று ஒரு குரல். பெரியவருக்கு ஒரு நியாயம் தோன்றியது. எங்கள் பக்கத்தில் கட்டைக் குரலில் பாடுகிற ஒரு அக்காவை எழுப்பிப் பாடச் சொன்னார். அவளுக்கும் கத்தியது. "அப்பப் பொம்பளைக் குரலுக்கே இது ஒத்துக்கலப்பா" என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆண்களும் தலையை ஆட்டினார்கள். ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. காது மடல் எரிந்தது. தாவணியை இழுத்து இழுத்துப் போர்த்தினேன், அவிழ்ந்து கிடக்கிற மாதிரி ஒரு எண்ணம். அதைவிடக் கொடுமை, எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. டிரெயினிங்கில் என் மேல்குரலை எல்லோரும் மெச்சுவார்கள். அந்த மேல்குரலில்தான் ஏதோ கோளாறு, இத்தனை நாள் மனுசக் காதுக்குத் தெரியவில்லை, மிசின் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். முட்டாள்! வேறென்ன சொல்ல?

ஆராதனை முடிந்ததும் ஐயர் அப்பாவைக் கூப்பிட்டு, "சாயந்தரம் இன்னொரு தடவ பாடட்டும். அதுக்குள்ள மிசினச் சரி பண்ணச் சொல்லுங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் ஏலம் ஆரம்பித்தது. காணிக்கையாக வந்த சேவல், பூசணிக்காய், கம்பு, பருத்தி எல்லாம் ஏலம் போகும். ஊரே அங்கேதான். நான் கோயிலுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானேதான் போனேன். பெண்கள் பக்கத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மைக்செட்காரர் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வால்வை மாற்றிவிட்டாராம், வயர் முனையெல்லாம் சுரண்டிவிட்டாராம், மண்ணில் புதைத்த எர்த்துக் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டாராம்.

"சரியாப் போச்சா?" என்றேன்.

"தட்டுப் போட்டா பாடுதுங்க. நான் மேசைகிட்ட நின்னு பேசினா பேசுது. எங்கிட்டெல்லாம் யோக்கியமாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் தயங்கி, "ஒங்களுக்கு மேல்குரலு ரொம்ப ஏறுமோ?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எங்க பாடுனேன்? வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே கத்துச்சுல்ல. மூச்சுத்தான் இழுத்தேன். மூச்சுக்கும் மேல்குரலு கீழ்க்குரலு இருக்கா?"

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "ஆமால்ல" என்றார்.

"ஆம்பளைக பேசினா நல்லா இருக்குங்கிறீக. ஆம்பளைக எல்லாரும் அங்கன நின்னுதான பேசுனாக. இந்தத் தூணுகிட்ட நின்னு ஒரு ஆம்பளையும் பேசலயே? நீங்க இங்கன வந்து ஒருதடவ பேசிப் பாருங்க."

"ஐயய்யோ!" என்று கும்பிட்டார். "காலையில ஒரு எட்டு வச்சதுக்கே கம்ப ஓங்கிட்டாரு. அங்கன நான் நிக்கிறத யாரும் பாத்தா ஏங் காலும் தப்பாது, பொட்டியும் தப்பாது. நீங்கதான் இங்கிட்டு வந்து பாருங்களேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன், ஆண்கள் பாயைப் பார்த்தேன். அதே கோரைப்பாய்தான், எங்கள் பாயைவிடக் கொஞ்சம் புதுசு. வாசலைப் பார்த்தேன், ஒரு குஞ்சும் இல்லை. திருடப் போகிறவளைப் போல நடையைத் தாண்டிக் காலை வைத்தேன்.

மேசைக்கு முன்னால் மைக்கை வைத்து, பெட்டியை முடுக்கிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். காலையில் பாட வேண்டிய பாட்டை எடுத்தேன். கத்தவில்லை! என் குரல் எதிர்ச்சுவர்க் குழாயிலிருந்து எனக்கே வந்தது. என் குரலை வெளியே இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. நானே சொல்லக் கூடாது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. மேல்குரலுக்கு ஏறினேன், ஒரு பிசிறு இல்லை.

"கம்பியத் தூக்கிக்கிட்டு மெள்ளமா ஒங்க பக்கம் நடங்க" என்றார். பாடிக்கொண்டே நடந்தேன். நடைக்கு வந்ததும் குழாயில் லேசாக ஒரு ரீங்காரம். தூணைத் தாண்டினேன், விசில். குழாய்க்குக் கீழே போனேன், அதே பேய்க்கத்து. திரும்பி வந்தேன், அடங்கியது. மறுபடியும் போனேன், கத்தியது. மறுபடியும் வந்தேன், அடங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கொழாய்ல வாரது மைக்குக்குள்ள போகுது. போனது பெருசாகி மறுபடியும் கொழாய்ல வருது. வந்தது மறுபடியும் உள்ள போகுது. அதான் கத்துது. கடையில சொல்லிக் குடுத்தாக, நாந்தான் மறந்து தொலச்சேன். ஊர்ப்பேச்சு மாதிரிதாங்க, சுத்திச் சுத்திப் பெருசாகும்" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குரல் பெரிதானால் சிரிப்பும் பெரிதுதானே. மைக்கு முன்னாலேயே நின்று வயிறு குலுங்கச் சிரித்தேன். "ஏலே, பாத்தியா! ஏங் குரல்ல ஒண்ணுமில்லல்ல! ஒங் கொழாயத் தூக்கி ஒடப்புல போடு!" என்றேன். ஏலே! முன்பின் தெரியாத வயசு ஆம்பளையைப் பார்த்து, தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி, ஏலே! வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அப்போதுதான் ஏலத்துச் சத்தம் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. சேவல்தான் எங்கேயோ ஒன்று கூவிக்கொண்டிருந்தது, மனுசச் சத்தமே இல்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் பெட்டியைப் பார்த்தார். இரண்டு குழாய்க்கும் ஒரே வயர். வேப்ப மரத்துக் குழாய் ஊரைப் பார்த்து இருந்தது. உள்குழாய் கத்துகிற கவலையில் வெளிக்குழாயை இரண்டு பேருமே மறந்து போனோம்.

பெரியவர்தான் முதலில் வந்தார். அவர் பின்னால் ஊர். நான் மேசைக்கு முன்னால், ஆண்கள் பாயில், தாவணி ஒருபக்கம் நழுவ நின்றுகொண்டிருந்தேன். "கோயிலுக்குள்ள என்ன சிரிப்பாணி?" என்றார். "ஆம்பளை எடத்துல ஒனக்கு என்ன சோலி? அவன் யாரு ஒனக்கு, ஏலேங்கிற அளவுக்கு?" மைக்செட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், "நீ பேசாதே" என்று நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அத்தனை தலைகளுக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். அவர் உள்ளே வரவில்லை. அம்மாதான் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஏலத்துக்கு வந்த ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. அந்த வழியில் நடந்தேனே, அந்த நடையை நினைத்தால் இப்போதும் கால் கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் ஐயர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் சொன்னது கேட்டது. "குரலு நல்ல குரலுதான், உபதேசியாரே. மரத்தடியில இருந்து கேட்டேன். ஆனா பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம் பாருங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசிட்டா அப்பறம் நான் யாருக்குப் பதில் சொல்ல?" அப்பா "சரிங்க" என்றார். அவ்வளவுதான் என் வேலை. காலையில் மைக்கு கத்தியபோது வெறும் சிரிப்போடு போயிற்று. மத்தியானம் சுத்தமாகப் பாடியதும் எல்லாம் போயிற்று.

ஐயர் போனபிறகு அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அங்க எதுக்குத்தா போன?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதுகொண்டே சொன்னேன். குழாய்க்குக் கீழே நின்றால் கத்தும், தள்ளி நின்றால் கத்தாது, குரலில் ஒன்றும் இல்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன் என்றேன்.

"யாரு நின்னாலும் கத்துமா?"

"யாரு நின்னாலும் கத்தும்ப்பா."

அப்பா கொடியில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயந்தர ஆராதனைக்கு என்னை அம்மா இழுத்துக்கொண்டுதான் போனாள். போகாவிட்டால் இன்னும் பேசுவார்களாம். கடைசியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நடையில் விழுந்துகொண்டிருந்தது. இனி பெண்கள் பாட்டுக்கு மைக்கு கிடையாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். மைக்கு ஆண்கள் பக்கத்து மேசைக்கு முன்னால் இருந்தது.

பாடம் வாசிக்கிற நேரம் வந்தது. அப்பா எழுந்தார். மேசைக்குப் போனவர் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைக்குக் கம்பியை இன்னொரு கையில் தூக்கினார். நடையைத் தாண்டினார். பெண்கள் பாயில் கால் வைத்தார். பெண்கள் பதறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தார்கள். "உபதேசியாரே!" என்று பெரியவர் எழுந்தார். அப்பா திரும்பவில்லை. காலையில் அம்மா வைத்த அதே இடத்தில், குழாய்க்கு நேர் கீழே கம்பியை வைத்தார். புத்தகத்தைப் பிரித்து வாயைத் திறந்தார்.

மைக்கு கத்தியது. காலையில் எனக்குக் கத்தின அதே கத்து. அப்பா நிறுத்தினார், ஒரு வார்த்தையை ஆரம்பித்தார், கத்தியது. மறுபடியும் ஆரம்பித்தார், மறுபடியும் கத்தியது. அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. வெள்ளை ஜிப்பாவும் நரைத்த தலையுமாக, எத்தனையோ வருஷமாக இந்த ஊருக்குப் பாடம் வாசித்த மனிதர், சுற்றிலும் கைப்பிள்ளைக்காரிகள் இருக்க, ஊளையிடுகிற மிசினுக்கு முன்னால் ஒற்றை ஆளாக நின்றார். எனக்குப் பார்க்க முடியவில்லை. போதும்ப்பா, வந்துவிடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. எனக்காக நான் பட்ட வெட்கம் எல்லாம் ஒன்றுமே இல்லை. அவர் அங்கே நின்றது எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறகு கம்பியைத் தூக்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பி வந்தார். கத்தல் நின்றது. "அங்கன நின்னா கத்துது. இங்கன நின்னா கத்தல. யாரு நின்னாலும் அப்படித்தான்" என்றார். குழாயில் தெளிவாகக் கேட்டது, வெளியே ஊருக்கும் கேட்டிருக்கும். அப்புறம் அன்றைக்கு உள்ள பாடத்தை முதலிலிருந்து வாசித்தார்.

அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. ஐயர் மறுநாள் விடியவே காரியாபட்டி வழியாகப் போய்விட்டார். வேலை வேறொரு பிள்ளைக்குப் போனது. தை மாதம் நான் ரெட்டியபட்டிக்குப் போனேன். பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடினேன், வேறெங்கும் பாடவில்லை.

ஆனால் அந்த மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும். அப்பா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு போய் நின்றேன். குடம் நிறைந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "எதுக்குப்பா அங்க போயி நின்னீக? எனக்கு வெக்கமாப் போச்சு" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "ஒனக்குக் கத்துனப்ப எல்லாரும் சிரிச்சாக, நானும் லேசாச் சிரிச்சேன். எனக்குக் கத்துனப்ப ஒருத்தரும் சிரிக்கலத்தா."